ஜாயிண்ட் தெரியாத மேப்பும் ஒரு சரவணம்பட்டி வீடும்

அருமை மகனுக்கு அம்மாவின் சலாம். பக்கத்து அறையில் உட்கார்ந்து பந்தல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. நேற்றுச் சாயந்திரம் காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு வந்தேன். நீ தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, நீ கட்டிக்கொள்ளப்போகிற நஸ்ரினோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் ஒட்டுக்கேட்கவில்லை, இந்தக் காற்றுதான் உன் குரலைக் கொண்டுவந்து என் காதில் போட்டது. "எங்கம்மாவ உட்டுப்போட்டு என்னால வர முடியாது. அது மட்டும் நடக்காது. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றாய். அந்தப் பெண் என்ன சொன்னாளோ, ஒன்றும் சொல்லாமலே வைத்துவிட்டாளோ, நீ "ஹலோ, ஹலோ" என்று தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாய். நான் துணியோடு சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

பிறகு கீழே வந்து, கூட்டத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக என்னிடம் கேட்டாய்: "ஏம்மா, கல்யாணம்னா யாராவது ஒருத்தர் பூராவும் உட்டுக்குடுத்துத்தான் ஆகணுமா?" கையில் குழம்புக் கரண்டி, எதிரில் உன் மாமிமார் வரிசை. "பேசாம சாப்பிடு கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். மற்றவர்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் நமக்கு மண்டபம் கேட்ட தேதிக்குக் கிடைத்தது, அந்தச் சந்தோஷத்தில் உங்க அத்தா சொந்தபந்தம் மொத்தத்தையும் அழைத்துவிட்டார். இந்த வீட்டில் இனி ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடியும்வரை உன்னோடு தனியாகப் பேச ஒரு மூலை கிடைக்காது. அதனால்தான் எழுதுகிறேன். இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும், நஸ்ரின் வீட்டுக்காரர்கள் இருக்கிற அந்தக் கல்யாணக் குரூப்பிலும் போடப்போகிறேன். பதறாதே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் நம் வீட்டு முன்னறைச் சுவரிலேயே தொங்குகிறது. சட்டம் போட்ட அந்தக் கறுப்பு வெள்ளை மேப். வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கம்மா பண்ணினது" என்று காட்டுவாய், ஆனால் அது எப்படி வந்தது என்று ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. இன்று கேள். அம்மா கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். கொஞ்சமில்லை, நிறையவே. பாடுபட்டவளுக்கு அந்த உரிமை உண்டு.

பெண்கள் கல்லூரியில் வருஷக்கணக்காகக் கணக்கு நடத்தியவள் நான். கூட வேலை பார்த்தவர்கள் ரிட்டயர்மெண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்த வயதில் வேலையை விட்டுவிட்டு, சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். செயற்கைக்கோள் எடுக்கிற ரேடார் படங்களை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய மேப் ஆக்குவது அவர்கள் தொழில். சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்கு மறை கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். உங்க அத்தா மட்டும் கடைக்குக் கிளம்பிக்கொண்டே, "அட, போயிட்டு வா புள்ள. புடிக்கலைன்னா நின்னுக்கலாம். நம்ம என்ன ஊட்டயா மாத்தப்போறோம்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நம் உக்கடத்தில் பஸ் ஏறினேன், கோயமுத்தூரின் மறுகோடிக்கு. இன்றுவரை அதே பஸ், முக்கால்வாசி நாள் நின்றுகொண்டே.

கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு வெயில் வேண்டும், மேகம் ஆகாது. நம் பக்கம் தென்மேற்குப் பருவம் இறங்கிவிட்டால் ஆனைமலையும் வால்பாறையும் வாரக்கணக்கில் மேகத்துக்குள் போய்விடும். பொள்ளாச்சி வயலில் என்ன நிற்கிறது என்று மேலிருந்து பார்க்க முடியாது. ரேடார் அப்படியில்லை. அதுவே ஒரு அலையைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வருவதைப் பிடித்துப் படமாக்கும். மேகமோ இருட்டோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பலமாகத் திரும்பி வந்த இடம் வெள்ளையாக விழும், வராத இடம் கறுப்பாக விழும். ஊர், கட்டடம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அலையில்லாத தண்ணீர் கன்னங்கறேல் என்று இருக்கும், ஏனென்றால் அதில் பட்டது கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். சங்கடம் என்னவென்றால், செயற்கைக்கோள் ஒரு தடவை கடக்கும்போது ஒரு பட்டையைத்தான் எடுக்கும். அடுத்த பட்டை வேறொரு நாளில். ஒன்று மழை பெய்த மறுநாள், ஒன்று மண் காய்ந்த நாள். அதனால் ஒரு படம் கொஞ்சம் வெளுத்திருக்கும், ஒன்று கொஞ்சம் கறுத்திருக்கும். அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

நான் போனபோது அந்த ஒட்டைக் கையால்தான் சரிசெய்துகொண்டிருந்தார்கள். செல்வி என்று ஒரு பெண், உனக்குத் தெரியும், போன பெருநாளுக்கு வந்து என் பிரியாணியில் உப்புக் கம்மி என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள். அவளும் இன்னும் சிலரும் ஒரு படத்தை எடுப்பார்கள், பக்கத்துப் படத்தை அதற்குத் தோதாக வெளுப்பாக்குவார்கள் அல்லது கறுப்பாக்குவார்கள், அப்புறம் அதற்கடுத்தது. ஒரு மாநிலம் முடிவதற்குள் முதலில் சேர்த்த இடத்தில் அறுப்பே முடிந்திருக்கும். இதை ஆள் தொடாமல் புரோகிராமே செய்யும் என்று நான் சொன்னேன். கம்பெனி முதலாளி தண்டபாணி சார், என்னைவிட ரொம்பச் சின்னவர், "செய்யலாமுங்க மேடம், கண்டிப்பா செய்யலாமுங்க" என்றார். நம் ஊர்க்காரர்கள் 'முடியாது' என்பதையும் இதே மரியாதையோடுதான் சொல்வார்கள். அவர் சொன்னது எது என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

முதலில் நானும் செல்வி வழியில்தான் போனேன். கை செய்ததைப் புரோகிராம் செய்தது, அவ்வளவுதான். நீலகிரியைச் சுற்றி ஒரு வளையம் போட்டுப் பார்த்தோம். கோயமுத்தூரில் ஆரம்பித்து, சத்தியமங்கலம், மைசூர்ப் பக்கம், கூடலூர், பாலக்காடு என்று படம் படமாகச் சேர்த்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு இடத்திலும் பக்கத்துப் படத்தோடு பிரமாதமாகப் பொருந்தியது. கடைசிப் படம் திரும்ப வந்து கோயமுத்தூரைத் தொட்ட இடத்தில் மட்டும் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு, நடுவில் சுவர் வைத்தது போல. ஒவ்வொரு படமும் பக்கத்தில் இருப்பதற்கு மட்டும் விட்டுக்கொடுத்ததால், அத்தனை பேருடைய சின்னச் சின்னக் கோளாறும் சேர்ந்து கடைசியில் வந்த ஒன்றின் தலையில் விழுந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள் கண்ணு, திரும்ப வருவேன்.

அப்புறம்தான் கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். வரிசையாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு எல்லாப் படத்தையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தேன். எந்தப் படம் எந்தப் படத்தின் மேல் எவ்வளவு ஏறி நிற்கிறது, அங்கே இருவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லாவற்றையும் ஒரே கணக்காகப் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு அசைந்தால் மொத்தத்தில் சண்டை குறையும் என்று ஒரே மூச்சில் தீர்த்தேன். எந்தப் படமும் தன் நிறத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அசைந்தன, நடுவில் இருந்த சுவர் காணாமல் போனது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். செல்வி எட்டிப் பார்த்து, "மேடம், இது நான் போட்டதவிட நல்லா இருக்குதுங்க. எனக்கு வேல போயிருமா?" என்றாள். போகாது என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் எல்லாரும் அசைந்தால் மொத்தமும் சேர்ந்து எங்காவது நகர்ந்துவிடக்கூடாது அல்லவா? அசையாத ஏதாவது ஒன்றில் ஆணியடிக்க வேண்டும். நான் குளங்களையும் அணைகளையும் பிடித்தேன். தண்ணீர் எப்போதும் கறுப்பு, எந்தப் படத்திலும் கறுப்பு, அதை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் சரிசெய் என்று புரோகிராமுக்குச் சொல்லிவிட்டேன். தை மாசப் படத்துக்கு வேலை செய்தது. பங்குனிக்கும் வேலை செய்தது. அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு சர்க்கார் ஆபீஸிலிருந்து கேட்டார்கள். மேகம் மூடிக் கிடக்கிற ஆடி மாசத்தில் கொங்குப் பக்கம் முழுக்க எங்கெங்கே பயிர் நிற்கிறது, எங்கே தரிசு என்று ஒரே மேப் வேண்டும். நன்றாக வந்தால் தென்னாடு முழுவதற்கும் வேலை. தண்டபாணி சார் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஒரு தடவ உங்க புரோகிராம்ல பாத்தர்லாமுங்க மேடம். செட் ஆகலைன்னா பழையபடி கையிலயே போட்டுக்கலாமுங்க. நீங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்கக் கூடாது" என்றார். இந்தத் தடவை எனக்கு உடனே புரிந்தது. தோற்றால் என் புரோகிராமை மூட்டைகட்ட வேண்டியதுதான். கல்லூரி வேலையை விட்டதும், பஸ்ஸில் நின்றதும், மறை கழன்ற பட்டமும் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு மேப்பில் வந்து நின்றன.

ஆடிப் படங்கள் வந்தன. புரோகிராமை ஓட்டினேன். கோயமுத்தூரிலிருந்து தாராபுரம் வரைக்கும், பொள்ளாச்சி உடுமலையைச் சேர்த்து, அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. வயலா தரிசா ஒன்றும் தெரியவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், தப்பில்லை. சர்க்கார் ஆபீஸுக்கு மேப்பைக் காட்ட வேண்டிய நாள் பக்கத்தில் வந்துவிட்டது. செல்வி ஆட்கள் ஒரு பாதுகாப்புக்காகக் கையால் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் யார் பேசினாலும் கடித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், மீன் குழம்பில் புளி போட மறந்தேன், நீயும் உங்க அத்தாவும் மூச்சுக்காட்டாமல் சாப்பிட்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் நீதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். "கெளம்புங்கம்மா, கொளத்தோரம் ஒரு நட போயிட்டு வரலாம்" என்று. உக்கடம் பெரியகுளக் கரை நடைபாதையில், தள்ளுவண்டியில் சுடச்சுட விற்கிற காளான் மசாலா வாங்கிக் கொடுத்தாய். நான் ஒரு வாய் வைப்பதற்குள் காற்று அந்தக் காகிதத் தட்டைத் தூக்கி எனக்குப் பின்னால் வந்த ஒரு மனிதரின் வெள்ளை வேட்டியில் அப்பியது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நீ குளத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தாய். "ஏம்மா, இது கொளமா கடலா? அலையப் பாருங்க!"

பார்த்தேன். குளம் முழுக்கச் சிலுசிலுவென்று அலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று ஆனியிலும் ஆடியிலும் நம் குளம் ஒன்றையாவது சும்மா விடுமா? சூலூர்க் குளம், ஆழியாறு, திருமூர்த்தி எல்லாம் இப்படித்தான் குலுங்கிக்கொண்டிருக்கும். அலையடிக்கிற தண்ணீர் கண்ணாடி இல்லை, ரேடாரைத் திருப்பி அனுப்பும், படத்தில் வெள்ளையாக விழும். அசையாது என்று நான் ஆணியடித்து வைத்த குளங்கள் எல்லாம் வெளுத்திருக்கின்றன. அதைப் பார்த்த என் புரோகிராம், 'தண்ணீரே வெள்ளையாக இருக்கிறதென்றால் படமே வெளுத்துப்போச்சு' என்று நினைத்து, காற்றடித்த ஊர் மொத்தத்தையும் கறுப்படித்துவிட்டது. வேறு ஊர்க்காரி செய்திருந்தால் இந்தக் காற்றைப் பற்றி யாரிடமாவது கேட்டிருப்பாள். பிறந்ததிலிருந்து ஆடியில் துணிக்கு இரண்டு கிளிப் போட்டு, ஜன்னலுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்தே வளர்ந்தவள் நான். அத்தனை பழகிப்போனதால் அது கணக்கில் வர வேண்டிய ஒன்று என்றே தோன்றவில்லை. இது கோயமுத்தூர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நான் அந்த இடத்திலேயே உன்னைக் கட்டிப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன், நீ "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று நெளிந்தாய்.

திங்கட்கிழமை போய் ஆணியைப் பிடுங்கினேன். எது அசையாது என்று இனி நான் சொல்லப்போவதில்லை என்று தீர்மானித்தேன். பல நாள் படங்களை வைத்து, எந்தெந்த இடம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நீயே பார்த்து அதை நம்பு, மாறுகிறதை நம்பாதே என்று புரோகிராமுக்கே விட்டுவிட்டேன். அது குளத்தை எல்லாம் தள்ளிவிட்டு ஆனைமலையின் அடர்ந்த காட்டையும், பழைய ஊர்களையும் எடுத்துக்கொண்டது. எனக்குத் தோன்றவே தோன்றாத இடங்கள்.

காட்டுகிற நாள் வந்தது. செல்வி ஆட்களின் மேப் பாதியில் நின்றது. மீட்டிங் அறையில் அந்தச் சர்க்கார் ஆபீஸர், தண்டபாணி சார், நாங்கள் எல்லாம். நான் ஒரே ஒரு பட்டனை அழுத்தினேன். டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் திரையில் நம் ஊர் மொத்தமும் விரிந்தது. ஆறுகளும், தென்னந்தோப்பும், அவிநாசிச் சாலையின் வெள்ளைக் கோடும், மலைகளும், நடுவில் ஒரு கீறல் இல்லாமல். ஆபீஸர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்துத் தேடினார். "எங்கீங்க ஜாயிண்ட்?" என்றார். "எனக்கே தெரியாதுங்க" என்றேன். செல்வி, அந்தப் பெரிய மனிதர்களுக்கு முன்னால், விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். தண்டபாணி சார் எழுந்து நின்று, "மேடம், தென்னாடு பூராவும் போட்டர்லாமுங்களா?" என்றார். "போட்டர்லாமுங்க" என்றேன். போட்டோம். இன்றைக்கு அந்தப் புரோகிராம் கன்னியாகுமரியிலிருந்து விந்தியமலை வரைக்கும் தானாகச் சேர்க்கிறது, நான் காலையில் போய்ப் பார்த்தால் மேப் தயாராக இருக்கிறது. அது சேர்த்ததைப் பரிசோதிக்கிற குழுவுக்குச் செல்விதான் தலைவி. என் வாழ்க்கையில் உன்னைப் பெற்ற நாளுக்கு அப்புறம் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த நாள்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஒருத்தர் பூராவும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? இந்த வீட்டில் ஒரு வாரமாக நடப்பதைப் பார். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் எங்கே குடியிருப்பது என்று உங்க அத்தா உன்னிடம் ஒன்று சொன்னார், நீ அதற்குத் தோதாக நஸ்ரினிடம் ஒன்று சொன்னாய், அவள் அதற்குத் தோதாகத் தன் வீட்டில் ஒன்று சொன்னாள், அவர்கள் அவள் மாமாவிடம் ஒன்று சொன்னார்கள். ஒவ்வொருத்தரும் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் சரிக்கட்டிக்கொண்டே போய், மொத்தக் கோளாறும் கடைசியில் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்து நிற்கிறது. அவள் ஆபீஸ் சரவணம்பட்டியில், விடிகிற நேரத்தில் ஷிப்ட். உக்கடத்திலிருந்து ஊரைத் தாண்டி அவள் எப்படிப் போவாள் என்று யாராவது யோசித்தீர்களா? பக்கத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள், உன்னிடம் ஆசையாகச் சொன்னாள், நீ மாடியில் நின்று வெட்டிவிட்டாய். அதனால்தான் இதை இரண்டு குரூப்பிலும் போடுகிறேன். வரிசையாக வேண்டாம், எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். நீங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போங்கள். உக்கடத்தில் நீயும் உங்க அத்தாவும் பார்க்கிற நம் கடை பத்து மணிக்குத்தான் திறக்கிறது, நீ வண்டியில் வந்துபோகலாம். உங்க அத்தா காலையில் உன் வண்டியில் தொத்திக்கொள்வதை விட்டுவிட்டு நடக்கட்டும், டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நீ இங்கே வா, நஸ்ரின் ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வரட்டும், ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில். சம்பந்தி வீட்டுக்காரர்களும் வரலாம், உப்பைக் கூட்டிப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். "எங்கம்மாவ உட்டுப்போட்டு வர முடியாது" என்றாயே, அதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது, மறைக்கவில்லை. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. என்னை உக்கடத்தில் ஆணியடித்து வைத்துவிட்டு, அதை வைத்து அந்தப் பெண்ணை அசையச் சொல்கிறாய். அசைவேனா மாட்டேனா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நான் பெற்ற பிள்ளையல்லவா, என் தப்பையே அச்சாகச் செய்கிறாய். வருஷக்கணக்காகத் தினமும் சரவணம்பட்டிக்குப் போய் வருகிறவள் நான், கண்ணு. நஸ்ரின் பார்த்திருக்கிற வீடு என் ஆபீஸிலிருந்து அடுத்த தெரு, இன்று காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவளும் வந்திருந்தாள். அடுப்படி ஜன்னல் மேற்கே பார்த்திருக்கிறது, ஆடியில் காற்று உள்ளே வரும், கட்டை முட்டுக்கொடுக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். கல்யாணம் முடிந்த மறுவாரத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீஸிலிருந்து அங்கே வருகிறேன். அந்த நேரத்தில் அவள் ஷிப்டில் இருப்பாள், அதனால் கடைக்குக் கிளம்புமுன் சோறு நீ ஆக்கி வை.